அப்டேட் பார்க்க வந்தவர்

லேப்டாப்புல ஒரு இலவச அப்டேட்டர் போட்டேன்.
எந்தெந்த மென்பொருள் பழசாயிடுச்சுன்னு அதுவே துழாவிச் சொல்லுமாம்.

பச்சைக் கோடு ஓடி முடிஞ்சதும் பட்டியல் வந்துச்சு.
எப்பவோ தூக்கிப்போட்ட பிரிண்டரோட டிரைவர், பிடிஎஃப் ரீடர், ஜாதகம் கணிக்கிற மென்பொருள்...
ஜாதக விஷயம் வீட்ல யாருக்குமே தெரியாதுங்க!

பழசு எதுன்னு சொல்லணும்னா உள்ளே என்ன இருக்குன்னு பார்த்துத்தான் ஆகணும். சரி.
ஆனா அந்தப் பட்டியல் ஏன் அப்டேட்டர் கம்பெனியோட சர்வருக்குப் போகணும்?
உபுண்டு லினக்ஸ்ல பெரும்பாலும் புதுப் பதிப்புகளோட பட்டியல்தான் நம்ம மெஷினுக்கு இறங்கும். ஒப்பிடுற வேலை இங்கயே முடிஞ்சிடும்.

தேவைக்கு மேல தரவு எடுக்குறது புதுசும் இல்ல. 2016 ஜூலைல பிரான்ஸ் தரவுப் பாதுகாப்பு ஆணையம் விண்டோஸ் 10 விஷயமா மைக்ரோசாஃப்ட்டுக்கு நோட்டீஸ் விட்டுச்சு.
யார் எந்த ஆப்பைப் போட்டாங்க, அதுல எவ்வளவு நேரம் இருந்தாங்கங்கிற வரைக்கும் எடுக்குறீங்க, இது அதிகம்னு.
அடுத்த வருஷம் மைக்ரோசாஃப்ட், தரவு சேகரிப்போட அடிப்படை நிலையில எடுக்குறதைக் கிட்டத்தட்ட பாதியாக் குறைச்சாங்க.
அதுக்கப்புறமும் விண்டோஸ் நல்லாத்தான் ஓடுச்சு!

அதுக்காக அப்டேட்டே வேணாம்னும் இருக்க முடியல.
2017 மே மாசம் வான்னாக்ரைங்கிற ரான்சம்வேர் விண்டோஸ் மெஷின்களை ஆட்டிவெச்சப்போ, அதைத் தடுக்குற பேட்ச் மார்ச்லயே வந்திருந்துச்சு. மாட்டுனது பெரும்பாலும் அதைப் போடாம விட்ட மெஷின்கள்தான்.

அந்தரங்கத்தைப் பத்தி இவ்வளவு பேசுற ஆளு, எழுதுறது என்னவோ முகநூல்லதான். சிரிச்சுக்கோங்க.

உங்க மெஷின்ல இந்த மாதிரி ஸ்கேன் பண்ற ஆசாமிகளை விட்டு வெச்சிருக்கீங்களா, ஒவ்வொண்ணா நீங்களே அப்டேட் பண்றீங்களா?