நூல் பிடித்துக் கண்ட மலைப்பாதை

எம் தமையனாருக்கு இடக்கை தளர்ந்து இரண்டு ஆண்டுகளாகின்றன. கிளட்சைப் பிடிக்க இயலாத கையால் மோட்டார் சைக்கிள் ஓட்டலாகாது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். இளமை முதல் எம்மைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மலையும் கடலும் காட்டியவர், வண்டிச் சாவியை எம்மிடம் தந்துவிட்டுத் திண்ணையோடு அமர்ந்துவிட்டார். "பின்னால் உட்கார்ந்து வாருங்கள் அண்ணே" என்று அழைத்தால், "மூட்டைக்கு எதற்கடா ஊர் சுற்றல்?" என்பார். அதற்குமேல் நாம் வற்புறுத்தியதில்லை.

அவரை மீண்டும் சாலைக்குக் கொணர்ந்தவை காகித வரைபடங்களே. பழைய பெட்டியொன்றைத் துப்புரவு செய்கையில், இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட '58 எஃப்' வரிசைத் தாள்கள் நான்கு அகப்பட்டன. கொடைக்கானல் மலையும் வத்தலக்குண்டுச் சமவெளியும் அவற்றில் அடங்கும். இத்தகைய தாள்களின் வரலாறு வாசகர்களுக்கு அந்நியமன்று. துணைக்கண்டத்தை முக்கோணங்களாகப் பகுத்து அளந்த பெரும்பணிக்கு, 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் எஃகுச் சங்கிலி கொண்டு ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டை அளந்தது, சென்னையில் நம் புனித தோமையார் மலையருகில்தான்.

தமையனார் தாள்களை ஒட்டி மேசைமேல் விரித்தார். இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர் என்னும் அளவு. இருபது மீட்டர் உயரத்துக்கொரு பழுப்புக் கோடு. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதளம். "சாலையின் ஒரு பக்கம் மட்டும் கோடுகள் நெருங்கி, அதற்கப்பால் வெறுமையாகக் கிடக்கிறதா? அங்கே வண்டியை நிறுத்து. சமவெளி முழுவதும் தெரியும்" என்றார். கைப்பேசியும் வழி சொல்லும். ஆனால் விரைவில் சேரும் வழியைத்தான் சொல்லும். எந்த வளைவில் காட்சி திறக்கும் என்பது அதன் கவலையன்று.

வத்தலக்குண்டிலிருந்து சித்தரேவு, தாண்டிக்குடி, பண்ணைக்காடு வழியே ஏறி, ஊத்து என்னுமிடத்தில் கொடைக்கானல் சாலையைத் தொட்டு, அதன்வழியே இறங்கிவிடுவது அவர் வகுத்த வளையம். அதிலும் ஒரு நுட்பம் வைத்தார். பிற்பகலில் இறங்கினால் கதிரவன் முதுகுப்புறம் நிற்பான். கீழே சமவெளி ஒளியில் விளங்கும். தொலைவை அளக்கத் தையல் நூலைச் சாலைமேல் வளைத்து வளைத்து வைத்தார். சுவரில் தொங்கிய மாநில வரைபடத்தில் முன்னரே அளந்த கணக்கு மிகவும் குறைந்திருந்தது. சிறு வரைபடத்தில் கொண்டை ஊசி வளைவுகளை வரைய இடமேது? மலைச்சாலைக்கு அதை நம்புவோர் பெட்ரோலின்றி நிற்க வேண்டியதுதான்.

விடிகாலையில் புறப்பட்டோம். தமையனார் பின்னிருக்கையில், தாள் நெகிழி உறையில், அவர் கழுத்தில். சித்தரேவைக் கடந்ததும் ஏற்றம் தொடங்கிற்று. காப்பித் தோட்டங்களும், மரங்களைத் தழுவிய மிளகுக் கொடிகளும், பழங்கால மாந்தரின் கற்திட்டைகளும் தாண்டிக்குடிப் பகுதியின் செல்வங்கள். தமையனார் சொன்ன வளைவுகளிலெல்லாம் நின்றோம். ஒன்றேனும் பொய்க்கவில்லை.

பிழை அதன்பின் நேர்ந்தது. விட்டுவிட்டுச் செல்லும் சிவப்புக் கோடொன்றைக் காட்டி, "வண்டிப்பாதை, சுற்று மிச்சமாகும்" என்றார். கல்லும் சேறுமாக நெடுந்தொலைவு உருண்டு சென்றால், குறுக்கே தோட்டத்துக் கதவு பூட்டிக் கிடந்தது. தாளின் அடியில் அச்சிட்டிருந்த அளவீட்டு ஆண்டைப் பார்த்தோம். நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. திரும்பி வருவதற்குள் ஒன்றரை மணி நேரம் வீணாயிற்று. தமையனார் வாய் திறக்கவில்லை. உறையைச் சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "மூட்டை" என்ற சொல் அவர் உள்ளத்தில் ஓடுவதை நாம் உணர்ந்தோம்; ஆறுதல் சொன்னால் இன்னும் நோகும் என்பதையும் உணர்ந்தோம்.

பண்ணைக்காட்டுக்கு அப்பால் மூடுபனி கவிந்தது. முன்சக்கரத்துக்கு அப்பால் எதுவும் தென்படவில்லை. கைப்பேசியிலோ தொடர்பு அற்றுவிட்டது. "அண்ணே, அடுத்தது எந்தப் பக்கம்?" என்றோம். சற்று நேரம் விடையில்லை. பிறகு உறை விரியும் ஓசை கேட்டது. "இடப்பக்கம் வளையும். மெதுவாக. வலப்பக்கம் சரிவு, ஒட்டிப் போகாதே." ஊத்து வரும்வரை ஒவ்வொரு வளைவும் வருமுன்னரே அவர் குரல் வந்தது.

டம்டம் பாறையை அடைந்தபோது பனி மேலே நின்றுவிட்டது. ஆனால் கதிரவன் மலைக்குப் பின்னே சென்றுவிட்டான். ஒளியில் விரிய வேண்டிய சமவெளி நீலநிழலில் கிடந்தது. மஞ்சளாறு அணையின் நீர் மங்கலாய்த் தெரிந்தது. எதிர்ப்புறம், ஏறத்தாழ 297 மீட்டர் வீழும் தலையாற்று அருவி ஒரு வெள்ளை இழையாகத் தொங்கிற்று. "ஒன்றரை மணி முன்னால் வந்திருக்க வேண்டும்" என்றார் தமையனார்.

வீடு சேர்ந்ததும் உணவுக்கு முன்பே தாளை விரித்தார். தளர்ந்த இடக்கையை அதன் ஓரத்தில் பாரமாக வைத்து, வலக்கையால் அந்தச் சிவப்புக் கோட்டின்மேல் பென்சிலால் எழுதினார்: "கதவு உண்டு."