நகர்த்தாத வரிசை

நர்சரியில் செடிக்கு விலை சொல்வது உயரத்தையும் கவரின் அளவையும் பார்த்து. இரண்டடிச் செடிக்கு ஒரு விலை, நாலடிக்கு ஒரு விலை, பூத்திருந்தால் கொஞ்சம் கூட. அடிமரம் எவ்வளவு பருத்திருக்கிறது என்பது கணக்கிலேயே வராது. போன்சாய் வளர்க்கிறவனுக்கு வேண்டியதோ அந்த அடிமரம்தான். உயரத்தை எப்படியும் வெட்டிவிடப் போகிறான். இந்த விலைக் கணக்கை நம்பித்தான் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் திருப்போரூர்ப் பக்கத்திலும் உள்ள சாதாரண நர்சரிகளில் பல வருடங்களாக அலைகிறேன்.

தட்டையான தொட்டிக்கு மாற்றிய பிறகு மரம் பருக்காது என்றே சொல்லிவிடலாம். வேருக்கு இடம் குறைவு, துளிரையும் அடிக்கடி கிள்ளுகிறோம், தண்டு எதைத் தின்று தடிக்கும்? ஆகவே பருமனை முன்பே சம்பாதித்துவிட்ட மரம் வேண்டும். தண்டின் குறுக்களவைப் போல ஆறு மடங்கு உயரம் இருந்தால் மரம் கிழடாகத் தெரியும் என்பது போன்சாய்க்காரர்களின் பொதுக்கணக்கு. ஓரடி மரத்துக்கு அடியில் இரண்டங்குலத் தண்டு. ஜப்பானில் இதற்காக மலையேறித் தோண்டி எடுத்தார்கள். நம் ஊரில் பழைய சுவரில் முளைத்த அரசையும் ஆலையும் பெயர்க்கிறார்கள். பாதி வேர் செங்கல்லுக்குள்ளேயே அறுந்துபோகும். எனக்கு இரண்டும் ஒத்துவராது. நர்சரியின் கடைசி மூலை போதும்.

முன்பக்கத்தில் எனக்கு வேலை இல்லை. அங்கே ஆந்திரத்துக் கடியத்திலிருந்து லாரியில் வந்திறங்கிய ரோஜாவும் செம்பருத்தியும் அரிகா பனையும் பளபளவென்று நிற்கும். ‘ஜின்செங் போன்சாய்’ என்று கிழங்கு வேர்மேல் நாலு இலை ஒட்டுக்கட்டி வைத்திருப்பதும் அங்கேதான். அதை மரம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

திருப்போரூர்ப் பக்கத்து நர்சரி ஒன்றில் பின்பக்கத்து வேலைகளைப் பார்ப்பது ஐம்பது வயது தாண்டிய ஓர் அக்கா. கவரில் மண் நிரப்புவது, களை பிடுங்குவது, கட்டிங் வெட்டுவது எல்லாம் அவரும் இன்னும் மூன்று பெண்களும். இவற்றோடு வெளியார் கண்ணில் படாத ஒரு வேலையும் உண்டு. சில மாதங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு கவரையும் தூக்கி ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடியில் இருக்கும் ஓட்டை வழியாக வேர் தரைக்குள் இறங்கிவிடும். நகர்த்தினால் இறங்கிய வேர் அறுந்து செடி கவரின் அளவுக்குள்ளேயே நிற்கும், வாடிக்கையாளர் கேட்கும்போது சுலபமாகத் தூக்கிக் கொடுக்கலாம்.

நகர்த்தாமல் விட்டால்? கவர் பெயருக்குத்தான் கவர். செடி நிலத்தில் நட்ட மரமாகிவிடும், அடி தடிக்கும். நான் தேடுவது அந்த வரிசையை. அது எங்கே இருக்கிறது என்று முதலாளிக்குப் பெரும்பாலும் தெரியாது. குனிந்து தூக்குகிறவர்களுக்குத் தெரியும்.

“எந்த வரிசைய ரொம்ப நாளா நகத்தலக்கா?” என்று கேட்டேன்.

“அது இன்னாத்துக்குத் தம்பி? யாரும் வாங்காத செடி அது” என்றவர், வேப்பமரத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு நிழல்வலை கிழிந்து விழுந்த ஓரம். அப்புறம் அந்தப் பக்கம் ஆள் விடவில்லையாம். கோணல் கொடுக்காப்புளி, உருண்டையாக வெட்டி விற்பதற்கென்று வாங்கி உருண்டை கலைந்துபோன கல் இச்சி, நடுவில் சில காகிதப்பூ.

கல் இச்சியின் அடியில் மூங்கில் குச்சியால் மண்ணைக் கிளறினேன். சின்னக் கவரிலிருந்து பெரிய கவருக்கு மாற்றும்போது ஆடாமல் நிற்கட்டும் என்று தண்டை இரண்டு மூன்று அங்குலம் புதைத்துவிடுவார்கள். மேலே பார்த்தால் கம்பம் நட்டது மாதிரி இருக்கும். வேர் விரியும் இடம் கீழே ஒளிந்திருக்கும். அது நாலு பக்கமும் பரவியிருக்கிறதா, ஒரே பக்கம் ஓடுகிறதா, ஒன்றையொன்று சுற்றி நெரிக்கிறதா என்று பார்க்காமல் காசைக் கையில் எடுக்கக் கூடாது. முதல் இரண்டில் வேர் ஒரே பக்கம். மூன்றாவதில் ஐந்து தடித்த வேர்கள் சுற்றிலும் இறங்கியிருந்தன. தண்டு மணிக்கட்டுப் பருமன்.

காகிதப்பூவில் ஒன்று தாய்ச்செடி. வருடக்கணக்காகக் கட்டிங் எடுத்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் கீழே புதுக் கிளை கிளம்பி, அதையும் வெட்டி, அடி பருத்து மேலே போகப் போக ஒடுங்கியிருந்தது. இந்த ஒடுக்கத்துக்காகத்தான் போன்சாய் வகுப்பில் காசு கட்டித் தலைவெட்டப் பழகுகிறார்கள். அக்கா கூலிக்குக் கத்தரித்தே செய்துவைத்திருந்தார். அதைச் சொன்னதும் சிரித்தார்: “கட்டிங்குக்கு வெட்னதுப்பா அது.” தாய்ச்செடியை முதலாளி தரமாட்டார் என்றார். எதிர்பார்த்ததுதான்.

விலை பேசும்போது போன்சாய் என்ற சொல்லை வாயில் எடுக்கவே கூடாது. எடுத்தால் மூன்று மடங்கு. அந்த மூன்றாவது கல் இச்சியைக் காட்டி, வேலியோரம் வைக்க என்றேன். அது ஒன்றும் பெரிய பொய் இல்லை, என் மாடியிலும் கைப்பிடிச் சுவர் உண்டு. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு 250 ரூபாய் என்றார், மூன்றடி உயரத்துக்கு.

உடனே தோண்டி வண்டியில் ஏற்ற அக்கா விடவில்லை. கடப்பாரையால் கவரைச் சுற்றி நெம்பி, கீழே இறங்கியிருந்த கட்டைவிரல் பருமன் வேரைக் கத்தியால் ஒரே வெட்டாக நறுக்கினார். பால் வடிந்தது. “வேர் அறுத்த செடிய வெயில்ல கொண்டும் போவாத. நெழல்ல கெடக்கட்டும். எல கொட்டும், பயப்படாத. துளிர் காட்னப்பறம் வந்து எட்த்துக்கோ.” இச்சி, ஆல், அரசுக்கு இது சரியான யோசனை. வேரைத் தொட்டால் முறைத்துக்கொள்ளும் காகிதப்பூவுக்கு இன்னும் நிதானம் வேண்டும்.

செடி எந்த விலைக்குப் போனாலும் அக்காவின் கூலி நாள் கணக்குத்தான். தோண்டியதற்குத் தனியாகக் கொடுத்த பணத்தை, மற்ற மூன்று பேரையும் கூப்பிட்டுப் பங்கு போட்டார். முள்ளுக்குள் கிடந்த கொடுக்காப்புளியைக் காட்டி அதையும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். மண் இறுகிக் கிடக்கிறது, ரெண்டு மழை பெய்யட்டும் என்றார்; அதுவரை அந்த வரிசையை யாரும் நகர்த்தாமல் பார்த்துக்கொள்கிறாராம்.