இரத்தம் கூடியவன்

எங்கள் தோட்டத்தில் இரத்தம் குறைந்தவர்களைத்தான் எல்லோருக்கும் தெரியும். கர்ப்பிணிக்கு இரும்பு மாத்திரையும் திரிபோஷச் சத்துமாவும். கொழுந்து எடுக்கும்போது ஒருத்தி தலைசுற்றி உட்கார்ந்தால் ‘இரத்தம் இல்ல’ என்று அங்கேயே முடிவு கட்டிவிடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் எனக்கு இரத்தம் கூடியிருப்பதாக ரிப்போர்ட் வந்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெருமையாக இருந்தது.

நான் திருநம்பி. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறேன். அது சிறுநீரகத்தில் சுரக்கும் எரித்ரோபொயட்டினைக் கூட்டும். இரும்பைத் தடுத்து வைக்கும் ஹெப்சிடினைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்து சிவப்பணுக்களைப் பெருக்கும். ஊசி தொடங்கிய முதல் வருடத்தில்தான் ஏற்றம் அதிகம், ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்க்க வேண்டும் என்று டொக்டர் முதல் நாளே சொன்னார். தலையாட்டினேன். சொன்னபடி பார்க்கவில்லை. கேட்டபோது, “பாத்தேன் சேர், ரிப்போர்ட்டை வீட்டில மறந்துட்டேன்” என்றேன். பயம் ஒன்றுதான்: அளவு கூடியிருந்தால் ஊசியைக் குறைப்பார், குறைத்தால் மாதவிடாய் திரும்பி வரும்.

பொய்யோடு நிற்கவில்லை. மூன்று வாரத்துக்கு ஒன்று என்று எழுதித் தந்த 250 மில்லிகிராம் ஊசியை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக நானே ஆக்கிக்கொண்டேன். மீசை சீக்கிரம் வரட்டும் என்று. லயத்துப் பையன்களோடு நிற்க வேண்டும் என்பதற்காகப் பீடியும் பழகினேன். ஆம்ஸ்டர்டாமில் 1073 திருநம்பிகளைத் தொடர்ந்து பார்த்து 2021ல் வெளியிட்ட ஆய்வில், 11 சதவீதம் பேருக்கு ஹெமட்டோகிரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 50 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அதற்குத் துணைபோனவற்றில் புகையும் ஒன்று. இதைப் பிறகு படித்தேன். அப்போதே படித்திருந்தாலும் விட்டிருப்பேனா என்பது சந்தேகம்.

எப்போதாவது பார்த்தாலும் சாக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. அடையாள அட்டையில் இன்னும் பழைய பெயர் இருப்பதால், லேப் ரிப்போர்ட்டில் பெண்ணுக்கான அளவைப் போட்டு ‘கூடுதல்’ என்று குறிப்பார்கள். ‘அது பொம்பளைக் கணக்கு’ என்று மடித்து வைத்துவிடுவேன். பாலின அங்கீகாரச் சான்றிதழுக்கு 2016லேயே இலங்கைச் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை விட்டது. போய் எடுக்காத சோம்பல் என்னுடையது. அடுத்த சாக்கு மலை. உயரத்தில் இருப்பவனுக்கு இரத்தம் கூடத்தானே செய்யும்? எங்கள் பக்கம் ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1270 மீட்டர், நுவரெலியா 1868. அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் 2018 வழிகாட்டி, ஆண்களுக்குச் சிகிச்சை தொடங்குமுன் பார்க்கும் அளவில் உயரமான இடத்துக்காரர்களுக்கு 48க்குப் பதிலாக 50 வரை விட்டுக்கொடுக்கிறது. இரண்டு புள்ளி. என்னுடையது 55. 54ஐத் தாண்டினால் ஊசியையே நிறுத்தச் சொல்கிறது அதே வழிகாட்டி.

55 வந்ததும்கூட நேராக டொக்டரிடம் போகவில்லை. போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்துவிட்டு வேறு லேப்பில் மறுபடி பார்த்தேன். குளிரில் தாகம் தெரியாமல் நீர் வற்றிய உடம்பென்றால் அந்தத் தண்ணீர் அளவைக் கொஞ்சம் இறக்கும். எனக்கு 53 என்று வந்தது. அதை மட்டும் காட்டினேன்.

பிடிபட்டது தலைவலியால். முகம் சிவந்தது, காது இரைந்தது, பிரஷர் பார்த்த நர்ஸின் முகம் மாறியது. டொக்டர் திட்டவில்லை. இரத்தம் தடித்தால் கால் நாளத்தில் உறையலாம், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போகலாம் என்று விளக்கி ஊசியை நிறுத்தினார். “இரத்தம் குடுத்துட்டா சரியாகிடுமா சேர்?” என்று கேட்டேன். அப்போதும் குறுக்குவழிதான். கொடுத்தால் எண் இறங்கும். அடிக்கடி எடுத்தால் இரும்பு தீர்ந்து சோர்வு வரும். காரணம் அப்படியே கிடக்கும் என்றார்.

எண் இறங்கிய பிறகு வாரம் ஒன்றாகச் சிறிய அளவில் மறுபடி தொடங்கினார். ஒரேயடியாக ஏறி இறங்காமல் இருக்கத்தான் அப்படி. நான் பயந்த மாதவிடாய் அந்த இடைவெளியில் ஒருமுறை வந்தது, அழுதேன், மறுபடி நின்றது. அதற்காகவா அவ்வளவு பொய்?

பீடி இன்னும் முழுதாக நிற்கவில்லை. அடுத்த கிளினிக்கில் அவர் கேட்கிறாரோ இல்லையோ, நான் சொல்ல வேண்டும்.