நிமிடத்துக்கு ஒன்றரை கார் பிறக்கும் ஊரில், ஷேர் ஆட்டோவில் என் பயணம்!

இருங்காட்டுக்கோட்டை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயங்கள் ஞாபகம் வரும். ஒன்று, 1990-ல் இருந்து இங்கே இருக்கும் கார் பந்தயத் தளம். இன்னொன்று, 1998-ல் முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்த ஹூண்டாய் தொழிற்சாலை. இன்று அந்தத் தொழிற்சாலைக்கு ஆண்டுக்கு 8 லட்சம் கார்களுக்கு மேல் தயாரிக்கும் திறன் உண்டு. கணக்கு எழுதுவது என் பிழைப்பு என்பதால் வகுத்துப் பார்த்தேன். ராப்பகலாக 365 நாளும் ஓடினால் நிமிடத்துக்கு ஒன்றரை கார்!

எங்கள் வீட்டில் கார் கிடையாது. எங்கள் தெருவில் பல வீடுகளில் கிடையாது. கார் செய்கிறவர்கள், காருக்கு ஸ்குரூ செய்கிறவர்கள், அவர்களுக்குச் சோறு பொங்கிப் போடுகிறவர்கள் எல்லோரும் கம்பெனி பஸ்ஸிலோ, ஷேர் ஆட்டோவிலோ, பைக்கிலோ, சைக்கிளிலோதான் போய் வருகிறோம். எனக்கு வாய்த்தது சைக்கிள். மகளுக்குப் பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்தது. அவள் செங்கல்பட்டுப் பக்கம் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு வண்டி எனக்கு வந்தது. சிப்காட்டுக்குள் நான் வேலை பார்க்கும் சிறிய உதிரிபாக நிறுவனம் 3 கி.மீ. தூரம். நிம்மதியாகத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஒரு காலை நேரம். ஏதோ ஒரு டிப்பர் லாரி சிந்திவிட்டுப் போன எம்-சாண்ட் சர்வீஸ் ரோட்டின் ஓரத்தில் பரவிக் கிடந்தது. முன் சக்கரம் சறுக்கி, வலது கணுக்கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ஒடிஸாவிலிருந்து வேலைக்கு வந்த இரண்டு பையன்கள் தூக்கி உட்காரவைத்து, 108-க்கு போன் போட்டார்கள். தமிழ் பேசத் தடுமாறியதால் போனை என் காதில் வைத்து, "தீதி, நீங்க சொல்லுங்க" என்றார்கள். ஆம்புலன்ஸ் வந்ததும் விலகிப் போய்விட்டார்கள். போலீஸ் பயம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, விபத்தில் உதவியவர் தன் பெயரைக்கூடச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. இது அவர்களுக்குத் தெரிந்திருந்தால், நான் நன்றி சொல்லும் வரையாவது நின்றிருப்பார்கள்.

எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு, அப்புறம் பிசியோதெரபி என்றார் டாக்டர். "புத்தூர் கட்டு போட்டுக்கலாமே" என்று தெருவே யோசனை சொன்னது. "கார் கம்பெனி பக்கத்துல குடியிருந்துகிட்டு ஒரு கார் இல்லையா?" என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில்தான் இந்த ஊரையே புதிதாகப் பார்த்தேன்.

முன் சீட்டு மரியாதை

முதலில் செல்போன் செயலியில் கால் டாக்ஸி போட்டுப் பார்த்தோம். இங்கிருந்து திரும்பும்போது சவாரி கிடைக்காது என்று ஓட்டுநர்கள் கேன்சல் செய்துகொண்டே இருந்தார்கள். தனி ஆட்டோ ஒரு நாள் கட்டுப்படியாகும், தினமும் ஆகாது. மிச்சம் இருந்தது ஷேர் ஆட்டோ. அதாவது, எங்கள் பக்கம் ஓடும் மேஜிக் வண்டி.

அதன் பின்பக்கம் குனிந்து ஏறி, முட்டியோடு முட்டி இடித்து உட்கார வேண்டும். கட்டுப் போட்ட காலுக்கு அது ஆகாது. மூன்றாவது நாள் ஒரு டிரைவர், "அக்கா, முன்னாடி வாங்க. காலை நீட்டிக்கலாம்" என்றார். அன்றிலிருந்து முன் சீட்டு எனக்கு. அவர் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரு வாரத்தில் மூன்று டிரைவர்கள் நம்பர் சேர்ந்துவிட்டது. "அக்கா, ரெண்டு நிமிஷம், வெளியே வந்து நில்லுங்க" என்று அவர்களே கூப்பிடுவார்கள். எந்தச் செயலியிலும் கிடைக்காத சேவை அது.

ஒரு பாடமும் கற்றேன். ஊன்றுகோலைப் பின்னால் இருப்பவரிடம் கொடுத்தால், இறங்கும்போது அது வண்டியோடு போய்விடும். மடியிலேயே வைத்துக்கொள்வது உத்தமம்.

கடிகாரத்தில் இரண்டு ஊர்

இந்தத் தடத்தில் நேரம் தெரியாமல் வெளியே இறங்கக் கூடாது. காலையில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சர்வீஸ் ரோடு முழுக்கக் கம்பெனி பஸ்களின் வரிசை. எல்லாம் ஜன்னல் மூடிய பஸ்கள், வெளி ஆளை ஏற்ற மாட்டார்கள். அந்த அரை மணி நேரம் மேஜிக் வண்டியில் கால் வைக்க இடம் கிடைக்காது. அடுத்த அரை மணி நேரத்தில் அதே இடம் காலி. டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.

நான் வேலைக்குப் போகும் நேரத்தை முக்கால் மணி தள்ளிக் கேட்டேன். முதலாளி முகம் சுளித்தார். மாலையில் அந்த நேரத்தை ஈடு கட்டுகிறேன் என்றதும் ஒப்புக்கொண்டார். கையில் ஊன்றுகோலோடு இருந்த எனக்கு அந்த முக்கால் மணி நேரம் ஒரு வாகனத்துக்குச் சமம்.

அந்தப் பக்கம் போவது எப்படி?

ஸ்ரீபெரும்புதூருக்கு பிசியோதெரபிக்குப் போகத் தொடங்கியபோதுதான் பெரிய சிக்கல் புரிந்தது. போகும்போது நம் பக்கத்து நிறுத்தத்தில் ஏறிவிடலாம். திரும்பும்போது எதிர்ப்பக்கம் இறங்க வேண்டும். நடுவில் சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை.

காலில் அடிபடும் முன் நானும் எல்லோரையும் போல இடைவெளி பார்த்து ஓடியிருக்கிறேன். பாதி சாலையைக் கடக்க எனக்குப் பத்துப் பதினைந்து விநாடி போதும். ஊன்றுகோலோடு வீட்டு வாசலில் அதே தூரத்தை நடந்து பார்த்தேன்: நாற்பது விநாடி. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் லாரி நாற்பது விநாடியில் கிட்டத்தட்ட 900 மீட்டர் ஓடிவிடும். நான் முதல் அடி வைக்கும்போது கண்ணுக்கே சரியாகத் தெரியாத லாரி, நான் நடுவில் நிற்கும்போது என் மேல் வந்து நிற்கும். அன்று வாசல்படியில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டபோது கை நடுங்கியது. எங்கள் தெருவிலேயே மூட்டுவலிக்காரப் பாட்டிகளும், வயிற்றுப்பிள்ளைக்காரிகளும் தினமும் இதே கணக்கில்தான் கடக்கிறார்கள். காகிதத்தில் போட்டுப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

நான் கண்டுபிடித்த வழி எளிது. திரும்பும்போது பஸ்ஸில் வராமல், ஷேர் ஆட்டோவில் வந்து, பத்து ரூபாய் கூடக் கொடுத்தால் வண்டி யூ-டர்ன் அடித்து நம் பக்கத்திலேயே இறக்கிவிடும். அந்தப் பத்து ரூபாயை நான் ஒரு நாளும் மிச்சம் பிடிக்கவில்லை.

படிக்கட்டுப் பாடம்

மாவுக்கட்டு பிரித்ததும் பஸ்ஸில் ஏறிப் பழகினேன். நான் ஏறிய வண்டிகளில் முதல் படியே முழங்கால் உயரம். பிசியோதெரபிஸ்ட் ஒரே வரியில் வித்தை சொல்லிக் கொடுத்தார்: "ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்." ஏறுவதற்கு பலம் தேவை என்பதால் நல்ல கால் உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போதும் மேலே நின்று பாரத்தைத் தாங்குவது நல்ல கால்தான். வீட்டில் முதியவர்கள் இருந்தால் சொல்லிக் கொடுங்கள்.

சென்னைக்குள் 2024 ஆகஸ்டிலிருந்து தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடுகின்றன. நிறுத்தத்தில் வண்டியே ஒரு பக்கம் சாய்ந்து தாழ்ந்து கொடுக்கும். அப்படி ஒன்று ஷிஃப்ட் முடிந்து கால் ஓய்ந்து நிற்பவர்கள் ஏறும் இந்தத் தடத்தில் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் டிக்கெட் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சலுகை காஞ்சிபுரம், வேலூர் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இல்லை. அடிபட்ட காலோடு அரை மணி நேரம் இலவச பஸ்ஸுக்காக நிற்பதா, டிக்கெட் எடுத்து வெளியூர் வண்டியில் உட்கார்ந்து போவதா என்று வலியைப் பொறுத்து முடிவு செய்வேன்.

நடை பழகிய ஊர்

பிசியோதெரபி முடிந்ததும் தினமும் கொஞ்சம் நடக்கச் சொன்னார்கள். மேடு பள்ளம் இல்லாத இடம் வேண்டும். எங்கள் பக்கம் அது சுலபம் இல்லை. தெருவெல்லாம் வேகத்தடை, ஜல்லி, நின்ற லாரி.

ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி நினைவிடம் இருக்கிறது. 1991 மே 21-ம் தேதி அவர் கொல்லப்பட்ட இடத்தில் 2003-ல் திறக்கப்பட்டது. அதன் சமதளமான நீண்ட நடைபாதையில்தான் நான் ஊன்றுகோலில் இருந்து கைத்தடிக்கு மாறினேன். பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலாவாக வந்து தூண்களுக்கு முன்னால் நின்று போட்டோ எடுப்பார்கள். ஒரு சிறுமி என்னோடு கூடவே நடந்து, "நூத்தி ஏழு ஸ்டெப்ஸ் ஆன்ட்டி" என்று எண்ணிச் சொன்னாள்.

இன்னொரு நாள் ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். ராமாநுஜர் 1017-ல் பிறந்த ஊர் இது. திருக்கோஷ்டியூர் நம்பியிடம் உபதேசம் பெற அவர் ஸ்ரீரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. நூற்றேழு அடிக்கே மூச்சு வாங்கிய எனக்கு, அன்று சந்நிதியில் அந்தப் பதினெட்டு நடையின் அருமை புரிந்தது.

ஒரகடம் வழியாக மகளிடம்

மூன்றாவது மாதம் மகளைப் பார்க்கக் கிளம்பினேன். ஸ்ரீபெரும்புதூருக்கு ரயில் கிடையாது. ஒரு பக்கம் திருவள்ளூர், மறுபக்கம் சிங்கப்பெருமாள் கோவில் என இரண்டு பக்கமும் மின்சார ரயில் ஓடுகிறது. நடுவில், பல்லாயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில், தண்டவாளம் இல்லை. புதிய ரயில் பாதையும் பூந்தமல்லியிலிருந்து மெட்ரோ நீட்டிப்பும் பேச்சில் இருக்கின்றன. வரட்டும். நான் பஸ் பிடித்தேன்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் சுமார் 25 கி.மீ. வழியில் வல்லம் வடகால், ஒரகடம். புல்லட், லாரி, கார், டயர் என்று ஒரு வண்டிக்கு வேண்டிய எல்லாமே இந்தச் சாலையைச் சுற்றித் தயாராகிறது. வல்லம் வடகாலில்தான் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். ஒரு சிறு நகரத்தின் ஜனத்தொகை அது.

பஸ்ஸில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி தூங்கிக்கொண்டிருந்தார்கள் இரவு ஷிஃப்ட் முடித்த பெண்கள். என் கைத்தடியைப் பார்த்ததும் ஒரு பெண் எழுந்து, "உக்காருங்கம்மா" என்றாள். ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்தவளிடம் இடம் வாங்க மனசு வரவில்லை. "எங்கம்மாவுக்கும் இதே கால்தாம்மா. திருவண்ணாமலையில இருக்காங்க. பஸ்ஸுல யாராச்சும் எடம் குடுப்பாங்கல்ல" என்றாள். அதற்கு மேல் மறுக்க முடியவில்லை. அவளையும் நெருக்கி உட்காரவைத்துக்கொண்டேன்.

உறவுக்காரர்களின் கேள்விக்கு அங்கேதான் பதில் கிடைத்தது. இங்கே கார் இல்லாதவர்கள் ஏதோ ஒதுங்கிக் கிடக்கும் சிலர் அல்ல. இந்தத் தொழில் தடத்தையே தோளில் சுமப்பவர்கள். அவர்கள் கேட்பதும் பெரிய திட்டம் அல்ல: வெயிலுக்கு ஒரு நிழற்குடை, ஏற முடிகிற படி, பயமில்லாமல் மறுபக்கம் போக ஒரு வழி.

மறுபடி சைக்கிள்

நாலு மாதம் கழித்து மறுபடி சைக்கிள் எடுத்துவிட்டேன். பயம் முழுதாகப் போகவில்லை. சர்வீஸ் ரோட்டை விட்டு, சுற்றிப் போனாலும் ஊருக்குள் போகும் தெருவில் போகிறேன். ஷிஃப்ட் நேரத்தில் வண்டியைத் தொடுவதில்லை. பின்னால் சிவப்பு விளக்கு, மட்கார்டில் ஒளிரும் ஸ்டிக்கர். அதே கடையில் இன்னும் கொஞ்சம் ஸ்டிக்கர் வாங்கி, டீக்கடையில் நிற்கும் வட நாட்டுப் பையன்களின் சைக்கிளிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். என்னைத் தூக்கிவிட்ட அந்த இருவர் யாரென்று இன்றுவரை தெரியாது. அவர்கள் வண்டியிலும் ஒட்டியிருப்பேன் என்று நம்புகிறேன்.

உங்களுக்கும் உதவலாம்...

* சாலை விபத்தில் அடிபட்டால் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் நினைவிருக்கட்டும். 2021 டிசம்பரில் தொடங்கியது. பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, வரையறுத்த தொகை வரை இலவசம். வெளி மாநிலத்தவருக்கும் உண்டு.

* நடக்கவே முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

* ஷேர் ஆட்டோ டிரைவர்கள் இரண்டு மூன்று பேரின் நம்பரை இன்றே வாங்கி வையுங்கள். கால் நன்றாக இருக்கும்போதே!