நிரலுக்கும் பாயிரம் வேண்டும்

கணினி நிரல் எனப்படுவது பொறிக்கு இடப்படும் கட்டளைத் தொகுதி என்பது பொதுவாக நிலவும் கருத்து. இது தவறானதன்று, ஆயின் முழுமையானதுமன்று. நிரலைப் பொறி இயக்குகிறது. மனிதரோ அதனை வாசிக்கின்றனர். எழுதியவர் வேலையை விட்டு நீங்கிய பின் அவ்விடத்துக்கு வருபவர் வாசிக்கிறார். வழுவொன்றைத் தேடிப் புறப்பட்டவர் வாசிக்கிறார். பழைய நிரலைப் புதியதொரு தேவைக்கு எடுத்தாள விரும்புபவர் வாசிக்கிறார். ஆறு மாதங்களின் பின்னர், எழுதியவரே தமது நிரலை அயலார் எழுத்தைப் போன்று வாசிக்க நேர்வதும் உண்டு. இவ்வகையில் நோக்குமிடத்து நிரலும் ஒரு நூலே. நூல் பற்றித் தமிழ் மரபு வகுத்த நியதி ஒன்று நிரலுக்கும் பெரிதும் பொருந்துவதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலுக்கு முன்னே பாயிரம் அமைதல் வேண்டும் என்பது அந்நியதி. நன்னூல் கூறும் சிறப்புப்பாயிரத்தின் உறுப்புகளுள் ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அடங்கும். காலம், களம், காரணம் ஆகியவற்றையும் சேர்த்துரைப்பாருளர். இவை நூலுக்குச் சூட்டப்பட்ட வெறும் அணிகள் அல்ல. ஆசிரியனும் மாணாக்கனும் ஒரே திண்ணையில் அமர்ந்திருக்கும் வரை பாயிரத்தின் தேவை பெரிதாகத் தோன்றாது. ஐயம் எழும்போது கேட்டுத் தெளியலாம். நூல் ஆசிரியனை விட்டுப் பிரிந்து, அவனை அறியாதார் கைக்குச் செல்லும்போதே சிக்கல் தொடங்குகிறது. எழுதியவன் 'எல்லோரும் அறிந்ததுதானே' எனக் கருதிச் சொல்லாது விட்ட எடுகோள், அங்கே எவரும் அறியாத ஒன்றாகிவிடுகிறது.

மென்பொருளாக்கத்தில் நேர்ந்த பெருந்தவறுகள் சிலவற்றை ஆராயின், அவை அறிவின்மையால் மட்டும் விளைந்தவை அல்ல என்பது புலனாகும். ஒருவர் அறிந்திருந்ததை மற்றவர் அறியும்வண்ணம் சொல்லாமையாலும், சொல்லப்பட்டதைக் கேளாமையாலுமே அவை பெரிதும் விளைந்தன. நல்ல வடிவமைப்பு, நல்ல கருவி, நல்ல கூட்டுழைப்பு என மூன்றாகப் பிரித்துப் பேசப்படுபவை யாவும், இறுதியில், சொல்லாது விட்ட எடுகோளைச் சொல்லவைக்கும் மூன்று வழிகளேயாம்.

முதலில் வடிவமைப்பை நோக்கலாம். 1996 ஆம் ஆண்டு யூன் 4 ஆந் திகதி, பிரெஞ்சுக் கயானாவின் கூரு ஏவுதளத்திலிருந்து ஆரியான் 5 ரொக்கெட் முதன்முறையாக ஏவப்பட்டது. ஒரு நிமிடமும் நிறைவுறுமுன் அது திசைதவறிச் சிதறியது. அது சுமந்து சென்ற நான்கு ஆய்வுச் செய்மதிகளும் அழிந்தன. ரொக்கெட்டின் நிலையையும் அசைவையும் கணிக்கும் உபகரணத்தின் மென்பொருள், முன்னைய ஆரியான் 4 இலிருந்து எடுத்தாளப்பட்டதாகும். நன்னூலார் சொல்லாற் கூறின் அஃது ஒரு வழிநூல். கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண் அம்மென்பொருளில் 64 பிட் வடிவத்திலிருந்து 16 பிட் முழுவெண்ணாக மாற்றப்பட்டது. அத்தகைய முழுவெண் கொள்ளக்கூடிய மிகப் பெரிய பெறுமானம் 32,767 ஆகும். ஆரியான் 4 இன் பறப்புப் பாதையில் அவ்வெண் இவ்வளவைத் தாண்டுவதில்லை. தொடக்கத்திலேயே கூடிய கிடைத்திசை வேகம் பெறும் ஆரியான் 5 இல் அது தாண்டிவிட்டது. உபகரணம் செயலிழந்தது. அதற்கு மாற்றாக வைக்கப்பட்டிருந்த இரண்டாவது உபகரணம் அதே மென்பொருளைக் கொண்டிருந்தமையால் கணப்பொழுதுக்கு முன்னரே அதே காரணத்தால் நின்றுபோயிருந்தது. இத்தனைக்கும், இவ்விளைவைத் தந்த கணிப்பு ஆரியான் 5 தரையை விட்டு எழுந்த பின்னர் எதற்கும் பயன்படாத ஒன்றாகும்.

இந்நிகழ்ச்சியில் மனங்கொள்ளத்தக்க செய்தி பிறிதொன்றுண்டு. எல்லை தாண்டக்கூடிய ஏழு எண்கள் முன்னரே அடையாளங் காணப்பட்டிருந்தன. அவற்றுள் நான்குக்குக் காப்பு இடப்பட்டது. எஞ்சிய மூன்றும் எல்லையைத் தாண்டா எனக் கருதி, கணினியின் வேலைப்பளுவைக் குறைக்கும் நோக்குடன், அறிந்தே காப்பின்றி விடப்பட்டன. அவ்வாறு விட்டமைக்கான காரணம் நிரலின் மூலவரிகளில் நேரடியாக எங்கும் குறிக்கப்பட்டிருக்கவில்லை என விசாரணைக் குழு எடுத்துரைத்தது. தொல்காப்பியத்தின் பாயிரம் வேங்கடத்தையும் குமரியையும் எல்லையாகக் குறித்தது. ஆரியான் 4 இன் நிரலில், 'இஃது இன்ன வேகம் வரையிலேயே செல்லுபடியாகும்' என ஒரு வரி இருந்திருப்பின், அதனை எடுத்தாண்டவர் ஒரு கணம் நின்று சிந்தித்திருத்தல் கூடும்.

இதிலிருந்து இளம் நிரலாளர் பெறத்தக்க பாடம் எளியது. எந்த எல்லைக்குள் நிரல் சரியாக இயங்கும் என்பதை, அந்நிரலின் அருகிலேயே எழுதுதல் வேண்டும். இயலுமிடங்களில் அவ்வெல்லையைச் சரிபார்க்கும் கட்டளையையும் நிரலிலேயே சேர்த்தல் வேண்டும். நிரல் என்ன செய்கிறது என்பதை அதன் வரிகளே சொல்லும். ஏன் அவ்வாறு செய்கிறது என்பதை மனிதரே சொல்லுதல் வேண்டும். இதனோடு, 1972 இல் டேவிட் பார்னாஸ் முன்வைத்த கருத்தும் சேர்த்தெண்ணத்தக்கது. நிரலைக் கூறுகளாகப் பிரிக்கும்போது வேலையின் படிமுறைகளை ஒட்டிப் பிரித்தலிலும், பின்னர் மாறக்கூடிய தீர்மானம் ஒவ்வொன்றையும் ஒரு கூறுக்குள் அடக்கிவைக்குமாறு பிரித்தலே சிறந்தது என அவர் காட்டினார். எடுத்துக்காட்டாக, பரீட்சைப் புள்ளிகளைப் பதியும் நிரலொன்றில், பரீட்சைக்குத் தோற்றாத மாணவருக்குச் சுழியம் இடுவதென ஒருவர் தீர்மானிக்கிறார் எனக் கொள்வோம். அத்தீர்மானம் நிரலெங்கும் பரந்து கிடப்பின், சராசரியைக் கணிக்க வரும் இன்னொருவர் அச்சுழியத்தையும் புள்ளியெனக் கொண்டு கூட்டிவிடுவார். 'தோற்றவில்லை' என்பது ஓரிடத்தில் மாத்திரம் பெயரிட்டு வரையறுக்கப்பட்டிருப்பின் இத்தவறு நேர்வதற்கு இடமில்லை. நல்ல பெயரும் ஒரு சிறு பாயிரமே.

இனி, கூட்டுழைப்பு. நாசாவின் செவ்வாய்க் காலநிலை ஆய்வுக்கலம் 1998 டிசெம்பரில் ஏவப்பட்டு, 1999 செப்ரெம்பர் 23 ஆந் திகதி செவ்வாயை அண்மித்த வேளையில் இழக்கப்பட்டது. கலத்தின் சிறு உந்துகைகளைக் கணித்த தரைநிலைய மென்பொருள் தன் விடையை இறாத்தல் விசை-செக்கன் அலகில் தந்தது. அதனைப் பெற்றுப் பாதையைக் கணித்த குழுவினர் அது நியூற்றன்-செக்கன் அலகில் உள்ளதெனக் கொண்டனர். இரண்டுக்கும் இடையிலான விகிதம் ஏறத்தாழ 4.45 ஆகும். ஏறத்தாழ 226 கிலோமீற்றர் உயரத்தில் செல்லவேண்டிய கலம் 57 கிலோமீற்றர் வரை தாழ்ந்தது எனப் பின்னர் கணிக்கப்பட்டது. நியூற்றன் அலகே பயன்படுதல் வேண்டும் என்பது எழுத்தில் இருந்தது. அது பின்பற்றப்பட்டதா என எவரும் முடிவுவரை சோதித்திலர். கணிப்பில் ஏதோ பொருந்தவில்லை என்ற ஐயம் குழுவினர் சிலருக்கு எழுந்தும், அது முறைப்படி பதியப்பட்டு ஆராயப்படவில்லை.

குழு பெருகுந்தோறும் இவ்விடர் பெருகும். ஐ.பி.எம். நிறுவனத்தின் 360 வரிசைக் கணினிகளுக்கான இயக்க முறைமையை ஆக்கும் பணிக்குத் தலைமை தாங்கிய பிரெடெரிக் புறூக்ஸ், 1975 இல் வெளியிட்ட தமது நூலில், பிந்திப்போன மென்பொருட் பணிக்கு மேலும் ஆட்களைச் சேர்ப்பின் அது மேலும் பிந்தும் எனக் குறிப்பிட்டார். காரணம் வெளிப்படை. ஐவர் கொண்ட குழுவில் இருவர் இருவராகப் பேசும் வழிகள் 10. பதின்மர் கொண்ட குழுவில் அவை 45. ஒவ்வொரு வழியும் ஓர் எடுகோள் தவறிவிழக்கூடிய இடைவெளியாகும். ஆகவே, குழுவைச் சிறிதாக வைத்தல், ஒருவர் பகுதியும் மற்றவர் பகுதியும் சந்திக்கும் இடத்தை முதலிலேயே எழுதிக்கொள்ளல், அவ்விடத்தில் அலகு யாது, வெற்றிடம் எதனைக் குறிக்கும், பிழை நேரின் அறிவிக்க வேண்டியவர் யார் என்பவற்றைத் தெளிவுபடுத்தல், முழுமை பெறாத நிலையிலேயே இரு பகுதிகளையும் இணைத்து ஓட்டிப் பார்த்தல் ஆகியன இன்றியமையாதன. பல்கலைக்கழக மாணவர் குழுவாகச் செய்யும் செயற்றிட்டங்களில் இணைப்பு வேலை இறுதி இரவுக்கு ஒத்திவைக்கப்படுவது வழமை. உண்மையில் முதல்நாளே செய்யத்தக்க வேலை அதுவேயாகும்.

கேட்போர் என்ற உறுப்பும் பாயிரத்தில் உண்டு. அதனை மறந்தமையால் விளைந்த கொடுமைக்குத் தெராக்-25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பொறி சான்றாகும். 1985 இற்கும் 1987 இற்கும் இடையில், அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் ஆறு நோயாளர் இப்பொறியால் அளவுமீறிய கதிர்வீச்சுக்கு உள்ளாயினர்; அவர்களுட் சிலர் அதனால் உயிரிழந்தனர். முன்னைய பொறிகளில் இருந்த வன்பொருட் காப்புகள் இதில் நீக்கப்பட்டு அப்பொறுப்பு மென்பொருளிடம் விடப்பட்டது. அம்மென்பொருளை எழுதியவர் ஒரே ஒருவர். பிழை நேர்ந்த வேளையில் திரையில் தோன்றியது ஓர் எண் மாத்திரமே; அதன் பொருளைக் கையேடும் விளக்கவில்லை. அளவுமீறிய கதிர்வீச்சு நேர இடமில்லை என்பதே முதலில் கிடைத்த மறுமொழி. ஈற்றில், மருத்துவமனையொன்றின் பௌதிகவியலாளரும் பொறியை இயக்கிய பணியாளருமே பலமுறை முயன்று, தரவுகளை விரைவாகத் திருத்தும்போது பிழை நேர்வதைக் கண்டறிந்தனர். நிரலை எழுதியவர் அறியாததை அதனை நாள்தோறும் பயன்படுத்தியவர் அறிந்திருந்தார். பயன்படுத்துவோர் கூறும் முறைப்பாட்டை அறியாமை எனத் தள்ளாது, அதனை மறைந்திருக்கும் எடுகோளின் அடையாளமாகக் கொள்ளுதல் வேண்டும். அவ்வாறே, ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் வாசித்து ஆராய்தலும் வேண்டும். இதனை 1976 இலேயே மைக்கேல் பேகன் ஒழுங்குபட்ட முறையாக வகுத்துரைத்தார். அரங்கேற்றம் இன்றி நூல் வழங்குவதைப் பழந்தமிழ் அவையோர் ஏற்றிலர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

கருவிகளின் பயனும் இவ்வழியே நோக்கத்தக்கது. லினஸ் டோவால்ட்ஸ் 2005 இல் ஆக்கத் தொடங்கிய கிட் என்னும் கருவி, நிரலில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது செய்தார் என்ற விபரத்தோடு பேணிவைக்கிறது. ஆக்கியோன் பெயரையும் காலத்தையும் கருவியே குறித்துக்கொள்ளும். காரணத்தை மாத்திரம் அதனால் ஊகிக்க முடியாது. அவ்விடத்தில் 'சில திருத்தங்கள்' என எழுதிவிடுபவர், விலைமதிப்பற்ற ஏட்டை வெறுமையாக விட்டவராவார். தானியங்கிச் சோதனைகளும் இத்தகையனவே. 'இந்த உள்ளீட்டுக்கு இந்த விடை' என எழுதப்படும் சோதனை, எடுகோளைப் பொறியே சரிபார்க்கும் வடிவில் சொல்லும் பாயிரமாகும். எனினும் சொல்லப்பட்டதையே அது சோதிக்கும். ஆரியான் 5 இன் பறப்புப் பாதையைக் கொண்டு அவ்வுபகரணம் முன்கூட்டிச் சோதிக்கப்படவில்லை என்பது மறக்கற்பாலதன்று.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழுதல் கூடும். எழுத்து பெருகினால் வேலை குன்றும் என்பர். 2001 இல் மென்பொருளாளர் பதினெழுவர் வெளியிட்ட பிரகடனமும் விரிவான ஆவணங்களிலும் இயங்கும் மென்பொருளையே மேலாக மதித்தது. இம்மறுப்பில் நியாயம் உண்டு. ஆரியான் விசாரணைக் குழுவும், எடுகோள் ஆவணக் குவியலுள் மறைந்துபோயிற்று என்றே கூறியது. நிரல் மாறிய பின்னும் மாறாது நிற்கும் குறிப்பு, குறிப்பின்மையிலும் தீயது. ஆகவே, வேண்டப்படுவது நூறு பக்க அறிக்கையன்று. உரிய இடத்தில், உரிய வேளையில் எழுதப்படும் ஓரிரு வரிகளே. பாயிரமும் நூலினும் சுருங்கியதே.

இலங்கையின் அனுபவமொன்றும் இங்கு குறிப்பிடத்தக்கது. 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி கடற்கோள் நேர்ந்த சில நாட்களுள், இந்நாட்டு மென்பொருளாளர் பலர் தன்னார்வத்துடன் கூடி, காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவித் தேவைகளையும் பதிவதற்கெனச் 'சஹானா' என்னும் மென்பொருளை ஆக்கினர். துயர் தணித்தலைக் குறிக்கும் சிங்களச் சொல் அது. அவசரத்தில் பிறந்த அம்மென்பொருள் பின்னர் பிறநாட்டாரும் எடுத்தாளத்தக்க பொது வடிவில் மீள எழுதப்பட்டது. எவரும் வாசித்துத் திருத்தக்கூடிய திறந்த மூலமாக வழங்கப்பட்டது. 2005 இல் பாகிஸ்தானிலும் 2010 இல் ஹெயிட்டியிலும் நிலநடுக்கம் நேர்ந்தபோது அது பயன்பட்டது. ஓரிடத்தில் தோன்றிய நிரல் வேறோரிடம் செல்லுமுன் அதன் எல்லையை மீளாராய்வதன் நன்மைக்கு இஃது எடுத்துக்காட்டு.

மருத்துவமனை, வங்கி, மின்நிலையம், பரீட்சைப் பெறுபேறு என வாழ்வின் துறைகள் பலவும் இன்று எவரோ எழுதிய நிரலை நம்பியே நடைபெறுகின்றன. அந்நிரலை எழுதியவரைப் பயனுறுவோர் காண்பதில்லை. எழுதியவரும் அவர்களைக் காண்பதில்லை. ஒருவரையொருவர் காணாத இம்மாந்தரிடையே பாலமாக அமைவது, எழுதியவர் தம் எடுகோளை மறைக்காது சொல்லும் நேர்மை ஒன்றே. நிரலெழுதக் கற்கும் மாணவர் ஒவ்வொருவரும், வேலை முடிந்தது எனக் கருதி எழுமுன், 'இதில் யான் அறிந்து, பிறர் அறியாதது யாது?' எனத் தம்மையே வினவி, அதன் விடையை எழுதிவைப்பாராயின், அதுவே அத்தொழிலின் முதற் கடமையை நிறைவேற்றியதாகும்.