கூரைக்கும் ஒரு மூக்கு

வீடு கட்டுகிறவர்கள் வாசற்காலுக்கு நாள் பார்க்கிறார்கள். ஜன்னலுக்குத் தேக்கா, வேம்பா என்று ஒரு மாதம் வாதாடுகிறார்கள். கூரை எப்படி மூச்சு விடும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஒழுகாமல் இருந்தால் சரி. அதற்குமேல் அதனிடம் நமக்கு எதிர்பார்ப்புக் கிடையாது.

எங்கள் நெடுங்காட்டின் பழைய வீடுகளுக்கு அந்தக் கேள்வி தேவைப்படவில்லை என்பதும் வாஸ்தவம். நாட்டு ஓட்டின் இடுக்கெல்லாம் மூக்குத்தான். உஷ்ணக் காற்று தானாகக் கசிந்து போய்விடும். 1865-ல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் தொழிற்சாலை வைத்து, ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் தட்டை ஓட்டைச் செய்ய ஆரம்பித்தார்கள். அந்த வகையில்கூடக் காற்றுப் போக வழி வைத்த ஓடு தனியாக உண்டு. இப்போதோ குரங்குக்குப் பயந்தும், ஓடு மாற்ற ஆள் கிடைக்காமலும் தகரத் தகட்டைப் போட்டு மூடுகிறார்கள். பெரியப்பா காலத்தில் எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. மேலே தகடு, கீழே பலகை மச்சு, நடுவில் சிறைப்பட்ட காற்று.

மச்சுக்குக் கீழே உள்ள கூடத்தில்தான் எண்பதைத் தாண்டிய என் தாயார் படுப்பது. சித்திரை மாதத்தில் இரவு பத்து மணிக்குப் பலகையைத் தொட்டாலும் சுடும். “ஏண்டா, மேலே யாராவது அடுப்பு மூட்டியிருக்காங்களா?” என்று கேட்பாள். சென்ற கோடையில் இரண்டு தடவை தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கேள்விக்கு என்னால் சிரிக்க முடியவில்லை.

யோசனை சொல்ல ஆளா இல்லை? தொழிற்சாலைக் கூரைகளில் பளபளவென்று சுற்றும் உருண்டையைப் பார்த்திருப்பீர்கள். மின்சாரம் வேண்டாம், காற்றே அதைச் சுற்றும். என் மைத்துனருக்கு அதன்மேல் ஒரே மோகம். “அத்தான், ஒண்ணு வச்சாப் போதும், அனலை உறிஞ்சிடும்” என்றார். உறிஞ்சும், சந்தேகமில்லை. ஆனால் குமுட்டி அடுப்பின் கீழ்வாயைச் சாம்பல் அடைத்துவிட்டால் மேலே கரி கனியுமா? கீழே காற்று நுழைய வழி விடாமல் மேலே எத்தனை உருண்டை வைத்தாலும் அது கூரைக்கு நகைதான்.

அமெரிக்காவில் வீட்டுக் கடனுக்கு ஈடு நிற்கும் அரசாங்க அமைப்பு 1942-ல் இதற்கு ஒரு கணக்கு வகுத்தது. மச்சுத் தளம் 300 சதுர அடியானால், காற்றுக்குத் திறப்பு 1 சதுர அடி. குளிர் நாட்டில் ஈரம் கட்டாதிருக்கப் போட்ட கணக்கு அது. நம் வெயிலுக்கு இரட்டிப்பாக வைத்தாலும் தோஷமில்லை. ஏறக்குறையப் பாதி கீழே இறவாணத்தில், பாதி உச்சியில். வௌவாலுக்கும் அணிலுக்கும் பயந்து கம்பிவலை அடிக்கத்தான் வேண்டும். வலை தின்னும் இடத்துக்கும் சேர்த்துப் பெரிதாக வைக்க வேண்டும்.

புத்திசாலித்தனமான கேள்வியை ஆசாரிதான் கேட்டார்: “மூக்கு வச்சா, புயலிலே அது தண்ணி குடிக்காதுங்களா?” 2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவுக்குப் பின் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியதைக் கண்டவர் கேட்கிற கேள்வி. கூரைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும் எதையும் அப்படிப்பட்ட காற்று விட்டுவைக்காது. தகட்டை வெட்டினால், வெட்டிய விளிம்பை உப்புக் காற்று அரிக்கும். எனவே தகட்டைத் தொடுவதில்லை என்று முடிவாயிற்று. எங்கள் வீட்டு முகடு கிழக்கு மேற்காக ஓடுகிறது. மேற்குச் சுவரின் முக்கோண உச்சியில், கீழ்நோக்கிச் சாய்த்த பலகைகள் வைத்த ஒரு சாளரம். வடக்கு, தெற்கு இறவாணங்களில் வலை போட்ட திறப்பு. ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்தடிக்கும்போது சாளரம் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். பிற்பகலில் கடற்காற்று எழுந்தால் அனல் மேற்கே வெளியேறும். ஆடி மேல்காற்று சாளரத்துக்குள்ளேயே புகுமே என்றால், புகட்டும். இறவாணம் வழியாகப் போகட்டும்.

இதனால் தகடு காய்வது நிற்காது. அதற்கு வெள்ளைப் பூச்சு வேறு அடித்தோம். இரண்டில் எதற்கு எவ்வளவு புண்ணியம் என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. பலகை இப்போது எட்டு மணிக்கெல்லாம் ஆறிவிடுகிறது. வலையில் அடையும் தூசியை மாதம் ஒரு தரம் ஏணி வைத்து ஏறித் தட்ட வேண்டும். அந்த வேலை மைத்துனருடையது என்று அம்மா சொல்லிவிட்டாள்.