இன்னொருவர் வாய்க்கான பிரஷ்

கடையில் தொங்கும் டூத்பிரஷ் எல்லாமே, பிடிக்கும் கையும் திறக்கும் வாயும் ஒரே ஆளுடையவை என்று நினைத்துச் செய்தவை. ஆச்சிக்குப் பக்கவாதம் வந்ததும் அந்தக் கணக்கு எங்கள் வீட்டில் செல்லாமல் போனது. வாய் ஆச்சியுடையது, கை அம்மாவுடையது, பெங்களூரில் உட்கார்ந்து ஆர்டர் போடுவது நான். வாங்குபவர் வேறு, பயன்படுத்துபவர் வேறு என்பது என் மென்பொருள் தொழிலில் பழகிய தலைவலிதான். இங்கே மூன்றாவதாக, வலித்தால் சொல்ல முடியாத ஒருவர்.

"வாயத் தொறக்கவே மாட்டுக்காவ. தொறந்தா விரலக் கடிச்சிருதாவ" என்றாள் அம்மா.

குழந்தைகள் பிரஷ் வாங்கச் சொல்வார்கள். தலை சின்னது, நாரும் மென்மை. ஆனால் கைப்பிடி குட்டை; துலக்குகிறவர் விரல் பல்லருகே போய்விடும். மூன்று பக்கமும் நார் வைத்த பிரஷ் ஒன்று உண்டு. பல்லின்மேல் சேணம்போல உட்கார்ந்து உள், வெளி, மேல் மூன்றையும் ஒரே இழுப்பில் தேய்க்கும். வாய் பத்து நொடிதான் திறக்குமென்றால் பெரிய உதவி. ஆச்சிக்கு மிச்சம் ஒன்பது பல், அதில் இரண்டு சாய்ந்தவை, சேணம் உட்காரவில்லை. பேட்டரி பிரஷ்ஷின் அதிர்வுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அத்தோடு சரி. பஞ்சு வைத்த குச்சி வாயை ஈரப்படுத்தும், பல்லில் படிந்ததை எடுக்காது. கடித்தால் பஞ்சு பிய்ந்துவிடும் என்ற பயம் வேறு.

பல்லுக்கா இவ்வளவு என்று தோன்றலாம். விழுங்கத் தடுமாறுகிறவர்களுக்கு வாயிலிருக்கும் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கும். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருடம் நடந்த ஆய்வு 2002இல் வெளியானது. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் ஊழியர்கள் வாயைச் சுத்தம் செய்துவிட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது, மற்றவர்களில் 19 சதவீதம். பல்லே இல்லாதவர்களுக்கும் பலன் இருந்தது.

கடைசியில் நின்றது, பெரியவர்களுக்கான நீளக் கைப்பிடியும் சின்னத் தலையும் உள்ள சாதாரண சாஃப்ட் பிரஷ். ஒன்றல்ல, இரண்டு. ஒன்றின் பின்பக்கத்தால் கன்னத்தை விலக்கிக்கொண்டு மற்றதால் தேய்ப்பது. செயலிழந்த பக்கத்துக் கன்னத்தில் மதியச் சோறு ராத்திரிவரை ஒதுங்கிக் கிடக்கும், ஆச்சிக்கே தெரியாது. சாய்த்து உட்காரவைத்து, தலையைக் கொஞ்சம் முன்னால் குனியவைத்து, பேஸ்ட்டைப் பட்டும் படாமலும் தடவிக்கொள்வாள் அம்மா. நுரை கூடினால் புரையேறும்.

"இதுலயே போடு. விரலு தப்பிச்சிருதுல்லா."

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். ஆச்சியின் கடிக்கு ஒரு மாதம் நின்றால் அதிகம். நேற்று இன்னும் ஆறு போட்டிருக்கிறேன்.